ஆகஸ்டில் பறப்பாள் என்று எழுதினேன்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. இரண்டே வார்த்தை. ஆட்டுக்கறிக் கடை காதர் பாயை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பத்தியை முதல் வாரத்திலிருந்து படிப்பவர். பத்திரிகையின் மற்ற பக்கங்களில் தாராளமாகக் கறி கட்டிக் கொடுப்பார். இந்தப் பக்கத்தில் மட்டும் கட்டமாட்டார் – கிழித்துத் தராசுக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிடுவார். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா?

என்னோடு பையைப் பிடித்துக்கொண்டு என் மகள் லோகா நின்றிருந்தாள். பாய் அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“அட, லோகா பாப்பாவா! உடம்பு தேறிடுச்சா? என்ன சார், மறுபடி எப்ப குதிக்குது? சொல்லுங்க, கடைய மூடிட்டு வந்துர்றேன்.”

“அடுத்த மாசம் பாய்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாய் மேலே பார்த்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். இரண்டு ஆட்டுக்காலைச் சுத்தம் செய்து, நான் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். லோகா என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் பாய் அதைக் கவனித்திருக்கமாட்டார்.

நான் கவனித்தேன். மூன்று மாதமாக அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதமாக உங்களிடம் “தேறி வருகிறாள்” என்று எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

நடந்ததை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். இதில் சிரிப்பதற்கு அதிகம் இருக்காது. மன்னியுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். லோகாவுக்குப் பதினாலு வயது. இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறாள். அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒன்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதே, அவள் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு ஹாலில் தலைகீழாக நின்று காபியைத் தட்டிவிட்ட அன்றுதான் எனக்குத் தெரியும். “பொம்பளப் புள்ள காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது, நீங்க பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்கீங்க!” என்று என் மனைவி சிவகாமி என்னைத்தான் திட்டினாள். ஒரு மாதம் கழித்து அவளே தையல் மெஷினில் உட்கார்ந்து, ஸ்கூல் டீச்சர் கொடுத்த படத்தைப் பார்த்து, கறுப்பில் ஒரு உடுப்புத் தைத்தாள். கை முழுசாகவும் கழுத்து ஏற்றமாகவும் இருந்தது. அந்த அளவில்தான் சமாதானம் ஏற்பட்டது.

அதையெல்லாம் எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். நாலு அங்குல அகலப் பலகை மேல் – அதற்கு பீம் என்று பெயர் – அவள் நடக்கப் பழகியதை எழுதினேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சாக்கடை விளிம்பிலும் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ரோட்டோரக் கல்லிலும் நடந்து பழகுவாள். நீங்கள் கடிதம் எழுதினீர்கள். ஒரு கட்டத்தில் உங்களுக்கு நான் சலித்துப் போய்விட்டேன். “லோகா எப்படி இருக்கிறாள்?” என்றுதான் எல்லாக் கடிதமும் ஆரம்பித்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. வாரா வாரம் விஷயத்துக்கு எங்கே போவது?

இந்த வருஷம் ஸ்கூல்களுக்கிடையே போட்டி. ஏப்ரலில் முதல் சுற்று, ஜூனில் இரண்டாவது, ஆகஸ்டில் கடைசி. முதல் சுற்றில் லோகா பீமில் இரண்டாவதாக வந்தாள். ஜூனில்தான் அது நடந்தது.

மரக்குதிரை தெரியுமா? தோல் போர்த்தி நாலு கால் வைத்த ஒரு பெட்டி. ஓடிவந்து அதில் கையை ஊன்றித் தாண்டவேண்டும். லோகா தாண்டினாள். அந்தப் பக்கம் விரித்திருந்த இரண்டு மெத்தைகள் முன்னால் குதித்தவர்களின் வேகத்தில் சற்று விலகியிருந்தன. அவள் வலது கால் அந்த இடைவெளியில் இறங்கியது.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அது எங்கோ பெஞ்சு உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது லோகா அழவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. “அப்பா, மார்க் குடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் நிதானமானவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எங்கள் மூன்று பேருக்கும் காட்டினார். “ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவோம். ஆனால் வருஷக் கடைசிவரை குதிக்கக் கூடாது. நடக்கலாம், நீந்தலாம். குதித்தால் மறுபடி உடையும். இரண்டாவது தடவை உடைந்தால் என் கையில் இல்லை” என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்லமுடியும்?

அன்று புதன்கிழமை. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பத்தியைக் கொடுத்தாகவேண்டும்.

ஆஸ்பத்திரியை எழுதினேன். மார்க் கேட்டதை எழுதினேன். மூன்றாவது மாடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளை முதுகில் சுமந்து ஏறியதையும், இரண்டாவது மாடியில் நான் மூச்சுவாங்கி நின்றபோது “அப்பா, நீங்கதான் எக்ஸர்சைஸ் பண்ணணும்” என்று அவள் சொன்னதையும் எழுதினேன். எல்லாம் சரியாக வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை.

இந்தப் பத்திக்குக் கடைசி வரி என்பது தாளிதம் மாதிரி. ‘சொய்ங்’ என்று சத்தம் வரவேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ‘வருஷக் கடைசிவரை குதிக்கக் கூடாதாம்’ என்று முடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நின்றார். அடித்துவிட்டு எழுதினேன் –

‘ஆறே வாரம். ஆகஸ்டில் வாருங்கள்… என் மகள் பறப்பாள்!’

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பலர் பாராட்டியிருந்தீர்கள்.

அப்புறம் ஆரம்பித்தது உங்கள் அன்பு. பத்திரிகை ஆபீஸுக்குப் பார்சல் பார்சலாக வந்தது. பிரண்டைத் துவையல், வேப்பெண்ணெய், எதில் காய்ச்சியது என்று தெரியாத ஒரு பச்சைத் தைலம். பெருமாள் கோயில் துளசி. மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய். காதர் பாய் வாரம் தவறாமல் ஆட்டுக்கால் எடுத்து வைத்தார். “எலும்புக்கு எலும்புதான் சார் மருந்து.” சிவகாமி சூப் வைத்தாள். லோகா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

பாட்டில்களை அவள் தன் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கிவைத்தாள். கடிதங்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் தமிழ் அப்படித்தான் – இந்தப் பத்தியைத் தவிர வேறு எதையும் தமிழில் படித்ததில்லை. ‘ஆகஸ்டில் குடும்பத்தோடு வருகிறோம்’ என்று எழுதிய கடிதங்களைத் தலையணைக்கடியில் தனியாக வைத்திருந்தாள். அவள் தூங்கும்போது நான் அதைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதுதான் கொடுமை.

ஜூலைக் கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த காலைப் பார்த்துச் சிவகாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருங்கைக்காய் மாதிரி மெலிந்து, தோல் உரிந்து… யாருடைய காலோ போல் இருந்தது. காலில் தெம்பு வர ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். காற்றில் கட்டைவிரலால் எழுத்து எழுதவேண்டும். லோகா என்னிடம் கேட்டுக்கேட்டுத் தமிழ் எழுத்தாக எழுதினாள். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருப்பாள். ‘இ’ எழுதும்போது பல்லைக் கடிப்பாள்.

“போதும்மா, நாளைக்கு எழுதலாம்.”

“இல்லப்பா. டைம் இல்ல லா.”

எதற்கு டைம் இல்லை? அப்போதாவது நான் கேட்டிருக்கவேண்டாமா?

மிஸ் சியா வீட்டுக்கு வந்தார். லோகாவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். லோகாவின் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து மெதுவாகத் திருகிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் சொன்னார்: “இந்த வருஷம் வேண்டாம், லோகா. அடுத்த ஏப்ரலில் நீதான் முதல். உனக்கு வயது இருக்கிறது.”

“எங்கப்பா பேப்பர்ல எழுதிட்டார், மிஸ்” என்று லோகாவும் இங்கிலீஷில் சொன்னாள்.

மிஸ் சியா தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர் இல்லை. என்னைப் பார்த்தார். அந்த அம்மாள் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. ‘அது சும்மா எழுதினேன்’ என்ற ஒரு வார்த்தை. என் மகள் மருந்து மாதிரி அதை விழுங்கியிருப்பாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். கூச்சமாகச் சிரித்தேன் – பாராட்டு வாங்கியவன் மாதிரி.

அந்த வாரம் உங்களுக்கு ஒரு திருத்தம் எழுத உட்காரத்தான் செய்தேன். ‘லோகா இந்த வருஷம் கலந்துகொள்ளவில்லை, யாரும் வரவேண்டாம்’ என்று ஆரம்பித்தேன். பாதியில் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் ஏமாந்து போவீர்களே என்று நினைத்தேன். வாசகரை ஏமாற்றக் கூடாது என்ற கொள்கை உள்ளவன் நான்!

கடைசியில் ஒரு சமரசம். லோகா பீமில் மட்டும் ஏறுவாள். நடப்பாள், திரும்புவாள், ஒற்றைக்காலில் – இடது காலில் – நிற்பாள், அப்புறம் உட்கார்ந்து மெதுவாக இறங்கிவிடுவாள். மரக்குதிரை கிடையாது, தரைப் பயிற்சி கிடையாது. மிஸ் சியா விரல் நீட்டி மூன்று தடவை சொன்னார்: “குதித்து இறங்கக் கூடாது.” லோகா மூன்று தடவையும் தலையாட்டினாள். டாக்டரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டு வந்தது. நீங்களும் வந்தீர்கள்.

சிராங்கூன் ரோடே எழுந்து வந்த மாதிரி இருந்தது. மண்டபத்தில் இரண்டு வரிசை முழுக்க நம் ஆட்கள். வேட்டி, பட்டுப்புடவை, ஒருவர் கையில் ரோஜா மாலை, ஒரு அம்மாள் மடியில் லட்டுத் தூக்கு. காதர் பாய் நிஜமாகவே கடையை மூடிவிட்டு, புதுச் சட்டையில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். “ஜிம்னாஸ்டிக்ஸ்னா என்னன்னு தெரியாது சார். பாப்பா பறக்குதுன்னீங்க, வந்துட்டேன்.” மற்ற ஸ்கூல் பெற்றோர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

லோகா உள்ளே வந்தாள். கணுக்காலில் வெள்ளைப் பட்டி. நீங்கள் கை தட்டினீர்கள். அவள் நின்று, இரண்டு வரிசையையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

பீமில் ஏறினாள். நடந்தாள். திரும்பினாள். இடது காலில் நின்றாள் – அசங்கவில்லை. பக்கத்தில் சிவகாமி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், இனி உட்கார்ந்து இறங்கவேண்டியதுதான். நான் மூச்சை விட்டேன்.

லோகா உட்காரவில்லை. பலகையின் ஓரத்துக்கு வந்தாள். மிஸ் சியா “நோ!” என்று கத்தியது எனக்குக் கேட்டது. அவள் கைகளை மேலே தூக்கி, எம்பி, காற்றில் ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டு இறங்கினாள்.

பறந்தாள். எழுதியிருந்தேனே!

இரண்டு காலில்தான் இறங்கினாள். அந்தச் சத்தம் இந்தத் தடவை எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் நீங்கள் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் இடது காலில் எடையைப் போட்டு, கையிரண்டையும் உயர்த்தி, நம் வரிசையைப் பார்த்துச் சிரித்தாள். காதர் பாய் எழுந்து நின்று தட்டினார். அப்புறம் அவள் அப்படியே சரிந்தாள்.

நீங்கள் பார்த்தது அதுவரைதான். மயக்கம் என்று உங்களிடம் சொன்னேன். அது இன்னொரு பொய்.

ஆப்பரேஷன் நடந்தது. எலும்பில் கம்பி வைத்தார்கள். அதே டாக்டர். “குதிக்க யார் விட்டது?” என்று கேட்டார். “அவளாகத்தான் டாக்டர்…” என்றேன். கட்டிலில் படுத்திருந்த லோகாவின் காதில் அது விழுந்தது. சிவகாமி என்னைப் பார்த்த பார்வையில் இருபது வருஷக் குடும்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். நொண்டல் இருக்கும், போகாது. ஓடுவது கஷ்டம். குதிப்பது… அவர் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று லோகாவே ஜன்னல் விளிம்பிலிருந்த பாட்டில்களையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்தாள். கறுப்பு உடுப்பைச் சிவகாமி துவைத்து, மடித்து, அலமாரியின் அடியில் வைத்தாள். தையல் மெஷின் பக்கம் அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை என்றிருக்கிறது. மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், ரசத்தை நகர்த்திக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

“அப்பா, இதையும் எழுதுவீங்களா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“மாட்டேம்மா.”

எழுதவில்லை. குடையைப் பற்றி எழுதினேன். பஸ் கண்டக்டரைப் பற்றி எழுதினேன். நீங்கள் லோகாவைக் கேட்டபோது ‘தேறி வருகிறாள்’ என்று ஒரு வரி போட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

போன ஞாயிறு, தேக்காவிலிருந்து திரும்பும் பஸ்ஸுக்கு வருகிறேன்.

லோகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆட்டுக்கால் பொட்டலம். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்:

“அப்பா, பாய்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. அடுத்த மாசம் அவரு பாட்டுக்குக் கடைய மூடிட்டு வந்து உட்காந்திருப்பாரு. பாவம்ப்பா.”

அவளுக்குப் பாய் மேல் இரக்கம்! மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா குதிச்சே? டாக்டர் சொன்னது உனக்கும் கேட்டுச்சுல்ல? மிஸ் சியா மூணு தடவை சொன்னாங்கல்ல?”

அவள் யோசித்தாள். கோபமாகச் சொல்லவில்லை, பரீட்சையில் தப்பாகப் போட்ட கணக்கை விளக்குகிற மாதிரிதான் சொன்னாள்.

“டாக்டர் வேணாம்னாரு. ஆனா அதுக்கப்புறம் நீங்க ஆகஸ்டுன்னு எழுதுனீங்க. அப்பா டாக்டர்கிட்ட மறுபடி கேட்டிருப்பாரு, அப்பாவுக்கு வேற ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் எழுதியிருக்காருன்னு நெனச்சேன். பேப்பர்ல பொய் போடமாட்டாங்கல்ல.”

பஸ் குவீன்ஸ்டவுனுக்கு வந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடித்து, முதலில் இடது காலை வைத்து, அப்புறம் வலதை இறக்கினாள். நான் கை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காதர் பாய், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. அடுத்த மாதம் கடையை மூடவேண்டாம். எந்த மாதமும் மூடவேண்டாம். லட்டுத் தூக்கோடு வந்த அம்மா, மாலை கொண்டுவந்த ஐயா… உங்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை. கூப்பிட்டவன் நான்.

நேற்று இதை எழுதி முடித்ததும் வழக்கம்போல் கடைசி வரி தேடினேன். இரண்டு மூன்று நன்றாகவே வந்தன. அடித்துவிட்டேன். ஒரே ஒரு வரியை எழுதி, லோகாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘லோகா இனிக் குதிக்கமாட்டாள்.’

அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். “சரியா இருக்குப்பா” என்றாள்.